அளவுக்கு ஒரு தீப்பெட்டி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்து என் மானத்தை வாங்குவதைவிட அது மேல்.

நான் வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருந்தேன். இணைய ஏலத் தளம் ஒன்றில் ஒரு சமையலறையின் படம் வந்து விழுந்தது. பளிச்சென்ற சுவர், ஜன்னலுக்குத் திரை, அடுப்பின் மேல் மூடி போட்ட பாத்திரம். சொக்கிப்போனேன். விற்கிறவருக்கு உடனே எழுதினேன்: "தண்ணி வசதி எப்படிங்க?" பதில் வந்தது: "தண்ணி படாம பாத்துக்குங்க, பெயின்ட் போயிடும்."

அந்தச் சமையலறை என் உள்ளங்கையில் அடங்கும்.

வளர்ந்த மனிதர்கள் வீடு, கடை, ரயில் நிலையம் எல்லாவற்றையும் குட்டியாகச் செய்து, வர்ணம் பூசி, ஏலத்தில் விற்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். வாங்குகிறவர்களும் வளர்ந்த மனிதர்கள்தான். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. படம் எடுக்கும்போது பொம்மைக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி வைப்பார்கள், பார்க்கிறவர்களுக்கு அளவு தெரியட்டும் என்று. அந்தச் சமையலறையை விற்ற ஆள் வைக்கவில்லை. அந்தக் கடுப்பில் பிறந்ததுதான் இந்தக் கதை.

என்னை வைத்தே எழுதினால் என் அக்கா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அதனால் வேறொருத்தியை ஏமாற்றலாம் என்று முடிவு செய்தேன். எழுத்தாளர்கள் இப்படித்தான், நல்ல ஜனங்கள் இல்லை.

2

முதல் தொடக்கம்: 'அன்று காலை வானம் மேகமூட்டத்துடன்

வேண்டாம். வானத்துக்கும் ஏலத்துக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாவது தொடக்கம்: 'மனிதன் சிறியவற்றின் மீது கொள்ளும் பேராசை என்பது, ஆழ்ந்து நோக்கின்,

ஆழ்ந்து நோக்கினால் எனக்கே தூக்கம் வந்தது.

மூன்றாவது: அவளைச் சலூனில் எல்லோரும் சீப்பு என்று கூப்பிடுவார்கள், கொண்டையில் எப்போதும் ஒரு சீப்பைச் செருகி வைத்திருப்பதால். பெண்களுக்கு முடி வெட்டுகிற பெரிய சலூன் அது. முதலாளியம்மாவை எல்லோரும் மேடம் என்பார்கள். சீப்பு அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது மேடத்துக்கு ஒரே ஒரு நாற்காலி. இப்போது ஒரு மாடியே இருக்கிறது. சீப்புக்கு மட்டும் அதே மூலை, அதே கத்தரி, அதே திட்டு. யார் கேட்டாலும், அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. சொந்தமாக ஒரு கடை. சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை என்பாள்.

(அந்தக் கடைசி வாக்கியத்தை அடித்துவிடு, முடிவை இப்போதே காட்டிக்கொடுக்கிறது என்றாள் அக்கா. அடிக்கவில்லை. அவள் உண்மையிலேயே அப்படித்தான் சொல்வாள், நான் என்ன செய்ய?)

3

இன்னொரு பக்கம் பல்செட்டுக்காரர். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், இவர் வீட்டிலேயே உட்கார்ந்து பல்செட் செய்து கொடுப்பார். மிச்ச நேரமெல்லாம் குட்டிக் கடைகள். முன்னறை முழுக்க அவருடைய மேஜைகள்தான். விருந்தாளி வந்தால் உட்கார இடமில்லை, ஆனால் குட்டி பேக்கரி இருக்கும், குட்டி தபால் ஆபீஸ் இருக்கும். வீட்டம்மா அந்த அறைக்குள் பக்கவாட்டில்தான் நடப்பாள்.

அவர் செய்ததிலேயே அருமையானது ஒரு குட்டி சலூன். நாற்காலி மெத்தைக்கு ஈறு செய்கிற ரோஸ் நிறப் பொருள். தலை கழுவுகிற தொட்டி, குடைந்தெடுத்த கடைவாய்ப்பல். நிஜமான பல் இல்லை, பயப்படாதீர்கள். கண்ணாடிக்கு மேலே விளக்குகூட எரியும். 'ஒண்ணாவது வித்து இடத்தைக் காலி பண்ணுங்க' என்று வீட்டம்மா உயிரை எடுத்ததால், அதை மனசே இல்லாமல் ஏலத்துக்குப் போட்டார். படம் எடுக்கும்போது தீப்பெட்டியை வைத்துப் பார்த்தார். அவர் கண்ணுக்கு அது அசிங்கமாக இருந்தது. இவ்வளவு அழகான சலூன் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு தீப்பெட்டி! எடுத்துவிட்டார்.

"தீப்பெட்டி எங்க?" என்றாள் வீட்டம்மா.

"பாக்கறவங்களுக்குத் தெரியாதா என்ன?"

தெரியாது ஐயா. என்னைக் கேளுங்கள்.

4

அவர் போட்ட விளம்பரம் இது: 'முழுமையான சலூன். இரண்டு நாற்காலி, கண்ணாடிகள், தலை கழுவும் தொட்டி. விளக்கு எரியும். கூரையைக் கழற்றலாம். நேரில் வந்து எடுத்துக்கொள்ளவும்.'

"கூரையைக் கழற்றலாம்னு போட்டிருக்கே, அப்பகூடவா சந்தேகம் வரல?" என்று அக்கா கேட்டாள்.

வந்தது. 'தகரக் கூரை போல, வெயில் அடிக்கும், ஒரு ஃபேன் போட்டுக்கலாம்' என்று விளம்பரத்தைப் போனில் பார்த்த சீப்பு நினைத்துக்கொண்டாள். வேண்டும் வேண்டும் என்று நினைக்கிறவளுக்குத் தன் சந்தேகத்துக்குத் தானே பதில் சொல்லிக்கொள்ளவா தெரியாது?

"அவ்வளவு மலிவா ஒரு கடையா?"

அட்வான்ஸ் மட்டும்தான் என்று நினைத்தாள். மாத வாடகையை நேரில் போனபிறகு பேசிக்கொள்ளலாம்.

"உன் கதாபாத்திரத்துக்கு மூளையே கிடையாதா?"

இங்கே எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாசகர்களே, குட்டிராஜா என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவன் அவளுக்கு எதிராக ஏலம் கேட்டுக்கொண்டே இருந்தான். இவள் ஏற்றினால் அவனும் ஏற்றினான். விடாக்கண்டன். பொம்மைக்காக ஒரு மனுஷன் இப்படி அடித்துக்கொள்வானா? அவன் விட்டுக்கொடுக்காததைப் பார்த்துத்தான் இது நிஜக் கடை என்று அவளுக்கு முழுசாக நம்பிக்கை வந்தது. இதில் மூளை இல்லாதது யாருக்கு என்று நீங்களே சொல்லுங்கள்.*

* குட்டிராஜா நிஜத்தில் ஒரு கணக்கு வாத்தியார். அவர் இந்தக் கதைக்குள் வரமாட்டார். நிறையத் தடவை கேட்டுப் பார்த்தார்.

5

ஏலம் முடிகிற நேரத்தில் சீப்பு ஒரு வாடிக்கையாளரின் தலையில் ஷாம்பு போட்டுக்கொண்டிருந்தாள். கை இரண்டிலும் நுரை. போன் பக்கத்து அலமாரியில் மின்னியது: குட்டிராஜா முந்திவிட்டான். அவள் முழங்கையால் அழுத்திப் பார்த்தாள். நடக்கவில்லை. மூக்கால் அழுத்தினாள். நடந்தது.

"என்னம்மா, விட்டுட்டு எங்க போன? கண்ணு எரியுது!" என்றாள் தொட்டியில் தலைவைத்திருந்த அம்மா.

"ஒரு நிமிஷம்மா, ஒரு கடை வாங்கிட்டிருக்கேன்."

மறுபடி குட்டிராஜா. மறுபடி மூக்கு. 'வாழ்த்துகள், நீங்கள் வென்றுவிட்டீர்கள்' என்று வந்தது. சீப்பு கத்தியதில் அலமாரியிலிருந்த சாயக் குப்பி உருண்டது. மேடம் ஓடிவந்தாள்.

"வேலை நேரத்துல போனா? உனக்கு எத்தன தடவ சொல்றது? போனை உள்ள வை!"

சீப்பு நுரையோடு நிமிர்ந்து நின்றாள். "வைக்கிறேன் மேடம். கத்தரியையும் சேர்த்து எடுத்துக்கறேன். எனக்குன்னு ஒரு கடை வந்தாச்சு. இத்தன வருஷம் என்னை மூலையில வெச்சிருந்தீங்களே, ஒரு நாள் என் கடைக்கு வாங்க. உங்களுக்கு நடுவுல நாற்காலி போடறேன்!"

கைதட்டல் கேட்டது. கண்ணெரிந்த அம்மாதான் தட்டினாள், எதற்கென்று தெரியாமலே.

எழுதும்போது எனக்கும் உடம்பு சிலிர்த்தது. அப்புறம்தான் என்ன காரியம் செய்துவைத்திருக்கிறேன் என்பது உறைத்தது. இவளுக்கு இனிமேல் வேலை இல்லை, திரும்பிப்போக முகமும் இல்லை. கடையோ ஒரு தட்டில் அடங்கும்.

6

சீப்பு இப்போது பல்செட்டுக்காரர் வீட்டுத் தெருமுனையில் நிற்கிறாள். தோளில் கத்தரிப் பை. பூட்டு ஒன்றும் புதிதாக வாங்கிவந்திருக்கிறாள், கடைக்கு.

அவளைப் படியேற விட எனக்கு மனசு வரவில்லை. மழை பெய்ய வைக்கலாமா என்று பார்த்தேன். அவளுடைய செருப்பு வார் திடீரென்று அறுந்து

ச்சே, பாவம். ஒரே நாளில் ஒருத்திக்கு எத்தனைதான் செய்வது.

"அந்தப் பொண்ண எவ்வளவு நேரம் வெயில்ல நிக்கவெப்ப?" என்று அக்கா அதட்டினாள். "எழுதத் தெரியலன்னா தள்ளு, நான் எழுதறேன்."

சரி, ஏறட்டும்.

7

கதவைத் திறந்த பல்செட்டுக்காரரின் முகத்தில் அத்தனை பெருமை. "வாங்க, வாங்க! நீங்கதானா? கண்ணுல வெச்சுப் பாத்துக்கணும், சரியா?"

"கண்டிப்பா சார். சாவி யாருகிட்ட?"

அவர் உள்ளே போய் ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். தட்டின்மேல் சலூன். சுவிட்சைத் தட்டினார், கண்ணாடிக்கு மேலே குட்டி விளக்கு எரிந்தது.

சீப்பு குனிந்து பார்த்தாள். "அட, அப்படியே இருக்கே! இது கடையோட மாடலா? நல்லாருக்கு சார். கடை எந்தப் பக்கம்?"

"இதான்."

"இது சரி. கடை?"

"இதாம்மா கடை."

அவள் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பேக்கரி, தபால் ஆபீஸ், ஒரு தெரு விளக்கு. அவர் உதவுவதாக நினைத்துக்கொண்டு, "கூரையைக்கூடக் கழற்றலாம்" என்று கழற்றிக் காட்டினார்.

சீப்பு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உட்கார நாற்காலி இல்லை, இருந்ததெல்லாம் கட்டைவிரல் உயரம். அழுகை வந்தது. எனக்கும் வந்தது, எழுதுகிறவன் அழக்கூடாது என்று சொல்வார்கள், சொல்லட்டும்.

சத்தம் கேட்டு வீட்டம்மா பக்கவாட்டில் நடந்து வந்தாள். விஷயம் புரிய அவளுக்கு நேரமாகவில்லை.

"தீப்பெட்டி வைங்க, தீப்பெட்டி வைங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே! கேட்டீங்களா? இப்ப ஒரு பொண்ணு வேலைய விட்டுட்டு வந்து உக்காந்திருக்கு!"

"பணத்தைத் திருப்பிக் குடுத்துடறேன்மா," என்றார் பல்செட்டுக்காரர். கழற்றிய கூரையைத் திரும்பப் பொருத்தினார்.

"பணத்த வாங்கி நான் என்ன சார் பண்றது?" என்றாள் சீப்பு. "மேடம்கிட்ட என்ன பேசிட்டு வந்திருக்கேன் தெரியுமா? நடுவுல நாற்காலி போடறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்!"

8

முடிவுகள். மூன்று எழுதினேன்.

முதலாவதில் சீப்பு மேடத்திடம் திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்கிறாள். ஒரு பத்தி எழுதியதும் பேனா நகரவில்லை. நான் தட்டச்சுதான் செய்கிறேன், இருந்தாலும் பேனா நகரவில்லை. அவளைக் குனிய வைக்க என்னால் ஆகாது.

இரண்டாவதில் குட்டிராஜா ஓடிவந்து அவளிடமிருந்து பொம்மையைப் பெரிய விலைக்கு வாங்குகிறார், அவள் அந்தப் பணத்தில் கடை திறக்கிறாள். அக்காவுக்கு இது பிடித்திருந்தது. ஆனால் அவரைக் கதைக்குள் விடமாட்டேன் என்று அடிக்குறிப்பில் சொல்லியாயிற்று, வார்த்தை தவறக்கூடாது.

மூன்றாவதை நான் எழுதவில்லை. வீட்டம்மா தன் பாட்டுக்குச் செய்துவிட்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவள் தபால் ஆபீஸைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். பேக்கரியை அலமாரிக்கு மேலே ஏற்றினாள். "அது அங்க இருக்கக்கூடாது, தூசி படும்" என்ற கணவரை ஒரு பார்வை பார்த்தாள். காலியான மேஜைகளைச் சுவரோரம் தள்ளினாள், முன்னறையில் முதல்முறையாகத் தரை தெரிந்தது. சமையலறையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து சரியாக நடுவில் போட்டாள். கழுத்தைச் சுற்றித் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அழுதது போதும், எழுந்திரு," என்றாள். "நுனி மட்டும் கொஞ்சம் வெட்டி விடு. நாளெல்லாம் இவர் பின்னாடி ஓடி, எனக்கு நேரமே கிடைக்கல."

"கண்ணாடி இல்லியேக்கா," என்றாள் சீப்பு.

"சும்மாதானே நிக்கறாரு, அவரு பிடிப்பாரு."

பல்செட்டுக்காரர் தட்டை ஜன்னலில் வைத்துவிட்டுப் படுக்கையறைக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தார். பிடித்துக்கொண்டு நின்றார். "கொஞ்சம் இடது பக்கம் சார்," என்றாள் சீப்பு. நகர்ந்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கொண்டையிலிருந்து சீப்பை எடுத்தாள், கத்தரியைத் திறந்தாள்.

9

"முடி விழறதுக்குள்ள ஏன் நிறுத்தின?" என்று அக்கா கேட்கிறாள். "அது கடையா ஆச்சா, இல்லையா? அவளுக்கு வாடிக்கை வந்துச்சா? அந்த மேடம் வந்தாளா?"

எனக்குத் தெரியாது. ஒரு அறை, ஒரு நாற்காலி, கை வலிக்க வலிக்கக் கண்ணாடி பிடிக்கிற ஒரு மனுஷன். இதைக் கடை என்று சொல்ல வேண்டுமென்றால் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று நான் சொன்னால், அது தீப்பெட்டி வைக்காமல் நான் எடுத்த படமாகிவிடும். அப்படிப்பட்ட படத்தில் ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

அதனால் தீப்பெட்டியை உங்கள் கையில் கொடுக்கிறேன். அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நீங்களே வைத்துப் பாருங்கள். அளவு எவ்வளவு வருகிறதோ, அதுதான் சீப்பின் கடை.

கொஞ்சம் தாராளமாக அளந்து பாருங்கள். அவள் பூட்டெல்லாம் வாங்கிவந்திருக்கிறாள்.