முன் சீட்டு

பொன்னழகு ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினாலே வெங்காயக் குடோன் வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்கும். அவன் பாண்டிச்செல்வியின் சித்தி மகன், அவளுக்குத் தம்பி முறை. குடோனில் சின்ன வெங்காயத்துக்குத் தாள் கிள்ளித் தரம் பிரிக்கிற பெண்களின் பிள்ளைகளை, எரியோட்டுப் பக்கம் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது அவன் வேலை.

“என் பொண்டாட்டி எங்கக்கா? இன்னும் தலை பின்னி முடியலையா?” என்பான்.

பொண்டாட்டி என்றால் பாண்டிச்செல்வியின் மகள் பவித்ரா. எட்டாம் வகுப்பு படிக்கிறாள். மாமன் முறை உள்ளவன் அக்காள் மகளை இப்படிக் கேலி பேசுவது அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். பேசாமல் இருந்தால்தான் உறவுக்குள் ஏதோ மனத்தாங்கல் என்று நினைப்பார்கள்.

“ஏலே, சடங்குக்குச் சீர் செய்யத் துப்பு இல்ல, உனக்குப் பொண்டாட்டி கேக்குதா?” என்று ராமுத்தாய் அழுகல் வெங்காயம் ஒன்றை அவன் மேல் எறிவாள்.

“துப்பு இல்லாமயா முன் சீட்டு குடுத்து வச்சிருக்கேன்? மத்த பிள்ளைக எல்லாம் பின்னாடி நசுங்கிட்டுத்தான வருதுக.”

எல்லோரும் சிரிப்பார்கள். பாண்டிச்செல்விக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஒரு நாள் காலையில் பவித்ரா வண்டியில் ஏறாமல் நின்றாள்.

“நான் பஸ்ல போறேம்மா.”

“ஏண்டி?”

“மாமா கிள்ளுது.”

“எங்கன கிள்ளுச்சு?”

பவித்ரா வாயைத் திறந்தாள். அதற்குள் ராமுத்தாய் முந்திக்கொண்டாள். “கட்டிக்கப் போறவன் கிள்ளாம, பக்கத்து வீட்டுக்காரனா வந்து கிள்ளுவான்?”

குடோனே சிரித்தது. பாண்டிச்செல்வியும் சிரித்தாள். மகளின் முதுகில் கைவைத்து, “ஏறுடி, நேரமாச்சு. மாமன்தான” என்று முன் சீட்டில் அவன் பக்கத்தில் தள்ளி உட்காரவைத்தாள்.

அதற்குப் பிறகு பவித்ரா ஒன்றும் சொல்லவில்லை. வயிறு வலிக்கிறது என்று இரண்டு முறை லீவு போட்டாள். அப்புறம் விடிந்ததும் கிளம்பி, மெயின் ரோடு வரைக்கும் நடந்து பஸ் பிடிக்க ஆரம்பித்தாள். ‘பெரிய மனுஷியாயிட்டா, வெக்கப்படுறா’ என்று பாண்டிச்செல்வி நினைத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. பரீட்சையில் மார்க் குறைந்திருக்கும் என்ற நினைப்போடு, சேலையில் ஒட்டியிருந்த வெங்காயச் சருகைத் தட்டியபடி அவள் போய்ச் சேர்ந்தாள். செபாஸ்தியம்மாள் டீச்சர் ஒரு காலி வகுப்பறையில் உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினார். பவித்ரா ஜன்னலோரம் நின்றாள். அம்மாவைப் பார்க்கவில்லை.

“நேத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு எடுத்தேன்மா,” என்றார் டீச்சர். “யாராவது தொட்டா, மனசுக்குச் சரியில்லன்னு தோணுனா, உடனே பெரியவங்க ஒருத்தர்கிட்ட சொல்லணும்னேன். நீங்க யார்கிட்ட சொல்வீங்கன்னு ஒவ்வொருத்தியாக் கேட்டேன். எல்லாரும் அம்மான்னாங்க. பவித்ரா மட்டும், ‘சொல்லிட்டேன் டீச்சர்’னு சொன்னா.”

பாண்டிச்செல்விக்கு முதலில் விளங்கவில்லை. டீச்சர் குரலைத் தாழ்த்தி மீதியைச் சொன்னார். கிள்ளியது கையில் இல்லை. அது ஒரு நாளோடு நின்றதும் இல்லை. பஸ்ஸில் போகத் தொடங்குகிற வரைக்கும் தினமும் அந்த முன் சீட்டில் நடந்திருக்கிறது.

“டீச்சர், அவன் என் சித்தி மகன்,” என்றாள் பாண்டிச்செல்வி. “கேலி பேசுற முறைதான அவனுக்கு. பிள்ளை எதையோ தப்பா...”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே பவித்ரா ஜன்னலை விட்டு நகர்ந்தாள். அம்மாவிடம் வரவில்லை. டீச்சரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

பாண்டிச்செல்வி வாயை மூடிக்கொண்டாள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் விரல்களைப் பார்த்தாள். வெங்காயம் கிள்ளிக் கிள்ளி நகத்தோரம் கறுத்திருந்தது.

“பிள்ளைகளுக்கு உதவுற ஆயிரத்துத் தொண்ணூத்தெட்டு நம்பருக்கு நான் போன் பண்ணிச் சொல்லிட்டேன்,” என்றார் டீச்சர். “சொல்லாம இருக்க சட்டத்துல எனக்கு அனுமதி கிடையாது. நாளைக்கு வந்து விசாரிப்பாங்க. உறவுன்னு பாத்து நீங்க பின்வாங்கிட்டா, இந்தப் பிள்ளை இனிமே யார்கிட்டயும் எதையும் சொல்லாது.”

திரும்பி வருகிற பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். நடுவில் பவித்ராவின் பை இருந்தது. பாதி வழியில் பாண்டிச்செல்வி கேட்டாள்.

“அப்பறமா வீட்ல தனியா வச்சு எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேடி.”

“நீயுந்தான சிரிச்ச.”

பாண்டிச்செல்வி மகள் பக்கம் திரும்பினாள்.

“எல்லாரும் சிரிச்சீங்க. அப்ப இது வெளையாட்டுத்தான் போலன்னு நெனச்சேன். எனக்கு மட்டும் ஏன் சிரிப்பு வரலைன்னு தெரியல.”

பாண்டிச்செல்வி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அழுதால் பிள்ளை தன்னைத் தேற்ற வேண்டிவரும். அதுவும் கேவலம் என்று அடக்கிக்கொண்டாள்.

“இப்ப முன்னாடி யாரு உக்கார்றா?”

“பானுப்ரியா.”

பானுப்ரியா ராமுத்தாயின் மகள். ஆறாம் வகுப்பு.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் பாண்டிச்செல்வி நேராகக் குடோனுக்கு நடந்தாள். ஆட்டோ வருகிற நேரம். “நான் சொல்லப்போறேன். உன் பேரை எடுக்க மாட்டேன்,” என்றாள். பவித்ரா சாக்கு அடுக்குக்குப் பின்னால் போய் நின்றாள்.

“என்னடி, டீச்சரம்மா டீ வாங்கிக் குடுத்துச்சா?” என்று ராமுத்தாய் ஆரம்பித்தாள்.

“மதினி, செத்த நேரம் சும்மா இருங்க. பொன்னழகு வண்டியில இனிமே எந்தப் பிள்ளையும் ஏற வேணாம். ஏன்னு எங்கிட்டக் கேக்காதீங்க. உங்க உங்க பிள்ளையத் தனியாக் கூட்டிட்டுப் போயிக் கேளுங்க. அது சொல்லி முடிக்கிற வரைக்கும் யாரும் வாயத் தொறக்காதீங்க.”

“அவன் உன் தம்பியாச்சேடி,” என்றாள் ராமுத்தாய்.

“தம்பிதான். அதுனாலதான் நாக்கூசுது. எம்பிள்ளைய நானே புடிச்சுத் தள்ளி...” மகளுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வர, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

கைகள் எல்லாம் நின்றன. அப்போதுதான் ஆட்டோ வந்தது. பொன்னழகு எப்போதும்போல ஏதோ கத்தினான். ராமுத்தாய் மடியில் இருந்த வெங்காயம் சிதற எழுந்து ஓடினாள். முன் சீட்டிலிருந்து மகளை இடுப்போடு அணைத்துத் தூக்கினாள். ஆறாம் வகுப்புப் பிள்ளை, தூக்குகிற வயசில்லை. “என்னக்கா, என்னாச்சு?” என்று அவன் கேட்டான். ராமுத்தாய் பிள்ளையோடு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டாள். பொன்னழகு பாண்டிச்செல்வியைப் பார்த்தான். அவளும் பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

பாண்டிச்செல்வி சாக்கு அடுக்குக்குப் பின்னால் வந்து மகளின் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“நாளைக்கு வர்றவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லு. மொதல்ல எங்கிட்டத்தான் சொன்னேங்கிறதையும் சொல்லு. நான் சிரிச்சதையும் சொல்லணும்.”

“உன்னயத் திட்டுவாங்களேம்மா.”

“திட்டட்டும்.”

“நீ பக்கத்துலயே இருப்பியா?” என்று பவித்ரா கேட்டாள்.

“இருப்பேன்.”

பவித்ரா தலையாட்டினாள். ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு, அம்மாவுக்கு முன்னால் தனியாகத்தான் நடந்தாள்.