எவந்தியா பிசைந்த மாவு

1

கோழிகளைப் பார்த்துத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். கிரேக்க நாட்டின் வோலோஸ் துறைமுகத்தில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரி எவந்தியா, கோயில் பூசைக்கென்று பிசைந்த மாவையெல்லாம் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குக் கொட்டுவாள். அவை கொழுத்துப்போய் நடக்கமாட்டாமல் நடந்தன. ஏன் என்று கேட்கப்போய் மாட்டிக்கொண்டேன்.

2

‘கடல்மூட்டம் ஜன்னல் வழியே வந்து மாவின் மேல் படுத்துக்கொண்டபோது, எவந்தியா...’

இந்தத் தொடக்கம் வேண்டாம். அழகாகத்தான் இருக்கிறது, அவள் படும் பாடு தெரியவில்லை. (நானும் எழுதியதைக் கொட்டிக்கொண்டிருக்கிறேனே? என்னுடையது சோம்பேறித்தனம். அவளுடையது நோய். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

3

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, இறந்துபோன அவள் கணவர் ஸ்தாத்திஸுக்கு முதலாண்டு நினைவுப் பூசை. அதற்கான அப்பத்தை வீட்டிலேயே சுத்தமான மனதோடு பிசைந்து, மேலே சிலுவை அச்சைப் பதித்துக் கொண்டுபோக வேண்டும். அச்சைக் கையில் எடுத்தாலே மாதாவைப் பற்றி ஓர் அசிங்கமான வார்த்தை அவள் மனதில் வந்து நிற்கும். மாவு தீட்டாகிவிட்டது, அவர் ஆன்மா அலையப்போகிறது என்று நெஞ்சு பதறும். உடனே பங்குச் சாமியார் லெஃப்தேரிஸுக்குப் போன்.

“சாமி, இது பாவமா?”

“இல்லம்மா. நிம்மதியா இரு.”

அந்த நிம்மதி காபி ஆறுவதற்குள் போய்விடும். பிசைந்தது கோழிகளுக்கு. மறுபடி மாவு, மறுபடி போன்.

4

கடைசியில் அவள் போய்ப் பார்த்த மனநல மருத்துவர் மிர்ட்டோ இதற்கு எண்ணச் சுழற்சி நோய் என்று பெயர் சொன்னார்.

“கண்ட நினைப்பு யாருக்குத்தான் வராது? உங்களை மட்டும் அது விடாம பிடிச்சுக்குது. மாவைக் கொட்டுறதும் சாமியைக் கேக்குறதும்தான் அதுக்குத் தீனி.”

“அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க?”

“வரட்டும். அதோடயே பிசைங்க. ஜெபம் சொல்லித் துடைக்காதீங்க, யாரையும் கேக்காதீங்க. பயம் ஏறும், அப்புறம் தானா இறங்கும். இறங்காட்டியும் அப்பம் வெந்துரும்.”

“தப்பாப் போச்சுன்னா?”

“அதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். சொன்னா அதுவும் தீனிதான்.”

“நல்ல டாக்டரம்மா கெடச்சீங்க எனக்கு.”

மாத்திரையும் உண்டு. முதலில் வீட்டுக்குத் தின்ன ஒரு ரொட்டி, பிறகு அச்சுப் பதித்து ஒன்று என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்தாள். மிர்ட்டோ சாமியாரிடமும் பேசினார். பாவம் அந்த மனுஷர், தான் சொன்ன ஆறுதலே அவளைக் கெடுத்தது என்று கேட்டு வாடிப்போனார்.

5

முடிவு: அச்சைப் பதிக்கும்போது அவள் மனதில் எதுவுமே வரவில்லை.

பொய். கோடு போட்டு அடித்துவிட்டேன்.

வேறு முடிவு: ஸ்தாத்திஸ் கனவில் வந்து, “அப்பம் நல்லாருந்துச்சுடி” என்று...

இதைப் படித்தால் மிர்ட்டோ என்னை உதைப்பார்.

நடந்தது இதுதான். பூசை நாள் விடியலில், கடலும் வானமும் ஒரே பால்நிறமாகக் கிடந்த நேரத்தில், அந்த வார்த்தை வந்தது. முழுசாக வந்தது. எவந்தியா அழுதுகொண்டே அச்சை அழுத்தினாள். சுட்ட அப்பத்தைத் துணியில் சுற்றிக் கோயில் பக்கவாசலுக்குக் கொண்டுபோனாள்.

“சாமி, இதைப் பிசையும்போது...”

பாவமில்லை என்று சொல்ல அவருக்கு வாய் துடித்தது. “குடும்மா. நேரமாச்சு” என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டார்.

உள்ளே ஸ்தாத்திஸின் பெயரை வாசிக்கிறார்கள். அவள் தூணோரம் நிற்கிறாள்.

அவர் ஆன்மாவுக்கு ஒன்றும் ஆகிவிடாதே என்று நீங்கள் இப்போது என்னைக் கேட்பீர்கள். எனக்கும் யாரையாவது கேட்க வேண்டும்போலத்தான் இருக்கிறது. பதில் சொல்ல மாட்டேன். எவந்தியா கேட்காமல் நிற்கிறாள். நீங்களும் கொஞ்ச நேரம் அவள் பக்கத்தில் நில்லுங்கள்.