இரண்டாவது குழி

பரிமளா ஏரிக்கரையில் ஓடிக்கொண்டிருந்தாள். செருப்பு எங்கே கழன்றதோ, கவனிக்கவில்லை.

வீட்டில் ஃப்ரீசர் பெட்டிக்குள் அப்பா கிடக்கிறார். மாலையில் அடக்க ஆராதனை. சபைக் கோயில் வளாகத்தில் குழி தயார். இந்த நேரம் பார்த்து, "காலனி சுடுகாட்டுல உங்க சித்தப்பா இன்னொரு குழி வெட்டிக்கினு கீறாரு" என்று பக்கத்து வீட்டு சுதா வந்து சொன்னால் யாருக்குத்தான் தலை சுற்றாது?

ஒரு சாவுக்கு இரண்டு குழியா?

ஏரிக்கரைச் சுடுகாட்டு வேப்பமரத்துக்குக் கிழக்கே, முழங்கால் ஆழத்தில் நின்றிருந்தார் வேதகிரி. அப்பாவின் ஒரே தம்பி. அண்ணன் ஏசடியான் உபதேசியாராகி, மானாம்பதிக்கும் புள்ளலூருக்கும் சைக்கிள் மிதித்துச் சுவிசேஷம் சொன்ன காலமெல்லாம், தம்பி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார். அதற்காக இருவரும் ஒருநாளும் முகம் திருப்பிக்கொண்டதில்லை.

மண்வெட்டி ஓரமாகக் கிடந்தது. வேதகிரி மண்ணைக் கையால் அள்ளி, விரலிடுக்கில் சலித்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா! இன்னா பண்றீங்க?"

"பாத்தா தெரில? தோண்டிக்கினு கீறேன்."

"யாருக்கு?"

அவர் நிமிரவில்லை. "உங்க நைனா சொன்னாரு. நான் கண்ண மூடுனதும் பண்ணுடான்னாரு. பண்றேன்."

"நைனாவுக்குத்தான் கோயில்ல எடம் கீதே! போதகர் வர்றாரு, சுத்துப்பட்டு சபை மொத்தமும் வருது..."

"வரட்டுமே. நானா வாணான்னேன்?" இன்னொரு பிடி மண்ணை அள்ளினார். "இந்த எடத்துல மொதல்ல தோண்டனதும் நான்தாம்மா. அப்ப எனுக்கு மீசகூட மொளைக்கல."

"பேஜார் பண்ணாம புரியற மாதிரி சொல்லுங்க சித்தப்பா."

"உங்கம்மாவக் கேளு."

அவர் மறுபடி மண்ணைச் சலிக்கத் தொடங்கினார். திரும்பி நடக்கும்போதுதான் பரிமளாவுக்கு உறைத்தது. அந்தக் குழியில் அப்பாவின் கால்கூட நீட்ட முடியாது. எதற்கு அவ்வளவு சின்னதாக?

வீட்டு வாசலில் தம்பி டேனியல் கொதித்துக்கொண்டிருந்தான். செய்தி அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

"பாத்தியாக்கா அந்தாளு வேலைய? நைனாவத் தூக்கினு போய் மோளம் அடிச்சு, அவங்க வழில பொதைக்கப் பாக்கறாரு. உசுரோட இருந்தப்ப முடியல. செத்ததும் முடியும்னு நெனைக்கறாரு."

"நைனாதான் சொன்னாருன்றாருடா."

"நைனா சொல்லுவாரா? நீ நம்புறியா?"

நம்பவில்லை. நம்பாமலும் இருக்க முடியவில்லை. சித்தப்பா குடிப்பார், சண்டை போடுவார். ஆனால் பொய் சொல்லி அவள் கேட்டதில்லை.

பந்தலுக்கடியில் பெண்கள் குசுகுசுத்தார்கள். "ரெண்டு குழி வெட்டுனா காலியா கெடக்கறது இன்னொரு ஆளக் கேக்கும்டி. கோழியாச்சும் அறுத்துப் பொதைக்கணும்."

அப்பா கேட்டிருந்தால் சிரித்திருப்பார். எத்தனையோ அடக்கங்களில் குழியோரம் நின்று அவர் சொன்ன ஒரே வாக்கியம்: "குழில யாரும் இல்ல. மண்ணப் பாத்து அழாதீங்க, மேல பாருங்க." கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றக்கூட விடமாட்டார். அப்படிப்பட்ட மனிதர் இரண்டாவது குழி கேட்பாரா?

மானாம்பதி தாண்டவராயன் வந்தார். ஐம்பது காணி நிலக்காரர். தோள்துண்டை எடுத்துக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நின்றார்.

"எங்க களத்துக்கு ஒரு ஆள மிச்சம் வெச்சாரா இந்த மனுசன்? ராப்பள்ளிக்கூடம் நடத்தி அத்தினி பசங்க கையிலயும் பேனாவக் குடுத்துட்டாரு. இப்ப நான் அறுப்புக்கு பீகார்லேந்து ஆள் கூட்டியாறேன்." திட்டிக்கொண்டே வந்தவர் மடித்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேரின் கழுத்திலிருந்தும் இடுப்பிலிருந்தும் தாயத்தை அறுத்தவர் அப்பாதான். ஞானஸ்நானத்துக்கு முன் சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுப்பார். கயிறு அறுபடும். தாயத்து ஏரியில் விழும். "இனிமே பயம் இல்ல" என்பார். அந்தக் கத்தரிக்கோலை டேனியல் மறக்காமல் இன்று அவருடைய வெள்ளைச் சட்டைப்பையில் வைத்திருந்தான்.

அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். நேற்று காலையிலிருந்து சிட்டம்மாள் அழவும் இல்லை, பேசவும் இல்லை.

"அம்மா, ஏரிக்கரைல அந்தக் குழி யாருக்கும்மா?"

சிட்டம்மாள் பெட்டிக் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள்.

"ரொம்ப சின்னதா கீதும்மா அது."

துடைத்த கை நின்றது. பிறகு மறுபடி துடைத்தது. அவ்வளவுதான்.

நேரம் நெருங்கியது. உடலைச் சவப்பெட்டிக்கு மாற்றினார்கள். போதகர் ஜெபித்து முடித்தார். மூடியைத் தூக்கக் கை வைத்தபோது, வாசலில் சலசலப்பு.

வேதகிரி. குளித்த ஈரம் சொட்டச் சொட்ட வேட்டி. கையில் மஞ்சள் துணி முடிச்சு.

டேனியல் குறுக்கே பாய்ந்தான். "அங்கயே நில்லுங்க. எங்க நைனா எங்கயும் வரமாட்டாரு."

"நான் கூட்டினு போக வர்லடா. குடுக்க வந்தேன்."

அவனை ஒரு கையால் விலக்கிவிட்டு, குனிந்து, அண்ணனின் வலது கைக்கு அடியில் முடிச்சைச் செருகினார் வேதகிரி. டேனியல் அதைப் பிடுங்கினான். இழுத்த வேகத்தில் முடிச்சு அவிழ்ந்தது. வெள்ளைத் துணியின்மேல் ஒரு பிடி மண் கொட்டியது. மண்ணுக்குள் பச்சை பூத்துப்போன ஒரு செம்புத் தாயத்து.

கூட்டம் முன்னால் நெருங்கியது.

"உபதேசியார் பெட்டில தாயத்தா!"

"சூனியம்டி!"

"சித்தப்பா, நீ மனுசனா?" டேனியல் கத்தினான். தாயத்தை எடுத்து வீசக் கையை ஓங்கினான்.

அந்த மணிக்கட்டை ஒரு கை பற்றியது. சிட்டம்மாள் எழுந்து நின்றிருந்தாள்.

"போடாத. அது வீராசாமிது."

பரிமளா சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போதகருக்கும் ஒன்றும் புரியவில்லை. வேதாகமத்தை மூடவும் தோன்றாமல் நின்றார்.

"எந்த வீராசாமி?" கேட்டது தன் குரல்தானா என்று பரிமளாவுக்கே தெரியவில்லை.

சிட்டம்மாள் மகனின் விரல்களைப் பிரித்துத் தாயத்தை எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள். புருஷனின் கைக்குள் வைத்து மூடப் பார்த்தாள். விறைத்த விரல்கள் மடங்கவில்லை. சட்டைப்பைக்குள், கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் அதைப் போட்டாள். பிறகு சிந்திய மண்ணை இரண்டு கையாலும் கூட்டி, அவர் நெஞ்சோரமாக ஒதுக்கினாள். ஒரு பொடியும் கீழே விழாமல், மெதுவாக.

"நாங்க வேதத்துக்கு வர்றதுக்கு முந்தி," என்றாள், யாரையும் பார்க்காமல். "உனுக்கு மூத்தவன். தவழக்கூட இல்ல."