தராசுக்காரியின் சாய்ந்த கடை

அந்த வருடம் நாட்டில் புதிதாகப் பதிவான கடைகள் எல்லாம் சாய்ந்தன. சுவரில் விரிசல் இல்லை, அஸ்திவாரம் இறங்கவில்லை. பதிவுச் சான்று கைக்கு வந்த நிமிடத்தில் கடை ஒரு பக்கமாகத் தாழ்ந்தது, அவ்வளவுதான். அமைச்சரவையில் பூசல் என்றால் இரண்டு விரல், நாணய மதிப்பு சரிந்தால் நான்கு விரல், தேர்தல் தள்ளிப்போனால் ஒரு சாண். பழைய கடைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவை வேறு ஆட்சிகளில் காலூன்றிக்கொண்டவை. பக்கத்து நாட்டில் புதுக் கடைகள் சமமாகவே நிற்பதாகக் கேள்வி. எங்கோ ஒரு குளிர் நாட்டில் அவை உள்பக்கமாகச் சாய்ந்து, தெருவில் சும்மா போகிறவரையும் கல்லாவரை உருட்டிக்கொண்டு வந்துவிடுகின்றனவாம். இங்கே சாய்வு எப்போதும் வாசலை நோக்கித்தான். அமைச்சகம் இதை ஆராயக் குழு அமைத்தது. குழு மூன்று மாதம் பழைய கடைகளாகப் பார்த்து ஏறி இறங்கி, சாய்வு எதுவும் தென்படவில்லை என்று தடித்த அறிக்கை ஒன்றைக் கொடுத்தது.

செருப்பு விற்றவர் சமாளித்தார். முடி வெட்டுகிறவர் நாற்காலியைச் சங்கிலி போட்டுக் கட்டினார். வசமாக மாட்டிக்கொண்டவள் தராசு பழுது பார்ப்பவள். இருபத்திரண்டு வருடம் தராசுத் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, சொந்தக் கடை என்று வெளியே வந்தவள். அங்கே அவள் உட்கார்ந்த இடத்தில் மறுநாளே வேறொருத்தி உட்கார்ந்துவிட்டாள். விதி இதுதான்: பதிவான தொண்ணூறு நாளுக்குள், சமமான தரையில் நிற்கும் தராசு, அரசு ஆய்வாளர் முன்னால் பூஜ்ஜியம் காட்ட வேண்டும். தவறினால் கடைக்கு சீல்.

அவள் மேசைக்கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்துப் பார்த்தாள். காலையில் சரியாக இருந்த கட்டை மதியம் பொருந்தவில்லை. பேருந்து நடத்துனரான கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏங்க, நிதி மந்திரி என்ன ஆனாரு?"

"ராஜினாமா இல்லையாம். ஆலோசனை நடக்குதாம்."

"ஆலோசனைன்னா முக்கால் விரல். அந்தச் சின்னக் கட்டையை எடுங்க."

ஒரு நாள் சலித்துப்போய், பக்கத்து மளிகைக்காரரின் தராசைக் கட்டை வைக்காமல் கடையின் சாய்வுக்கே பொருத்திக் கொடுத்துவிட்டாள். அவர் தமது பழைய கடையின் சமதரையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"என்னம்மா, வெறும் தட்டே கால் கிலோ காட்டுது. இனிமே காத்தையும் விக்கலாம் போலிருக்கே. சரி, சீல் வச்சதும் சொல்லு. எனக்கு மூட்டை அடுக்க இடம் வேணும்."

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் சமதரையில் நடந்துபோகும்போதுகூட ஒரு காலை மடக்கியே நடந்தாள்.

தொண்ணூறாம் நாள் முற்பகல் ஆய்வாளர் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, பட்டுத் துணி விரித்த பெட்டியில் பித்தளை எடைக்கற்கள். அவர் பெட்டியைத் திறக்கவும், நிதி மந்திரி பூரண நலமாக இருக்கிறார் என்று வானொலி அறிவிக்கவும் சரியாக இருந்தது. கடை ஒரு சாண் இறங்கியது. ஆய்வாளர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எடைக்கற்கள் ஒவ்வொன்றாக உருண்டு தெருவுக்குப் போயின. கணவர் சோற்று டப்பாவை மேசைக்காலுக்கு அடியில் திணித்தார். மேசைமேல் இருந்த தராசின் முள் நடுங்கி, நடுங்கி, பூஜ்ஜியத்தில் நின்றது.

"முள்ளு சரிதாம்மா," என்றார் ஆய்வாளர், கம்பியை விடாமல். "தரை சமமா இல்லையே. விதிப்படி நான் எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க சார். அதுக்குக் கீழ காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதையும் நிரப்பணும்."

அவர் படிவத்தைப் பார்த்தார். வானொலியைப் பார்த்தார்.

"ஏம்மா, எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு."

"எனக்கு இன்னிக்கு ஒரு நாள்தான் சார் இருக்கு."

கணவர் வானொலியின் சத்தத்தைக் குறைத்தார். ஆய்வாளர் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, மறு கையால், 'தரை முற்றிலும் சமமாக உள்ளது' என்று அழகான கையெழுத்தில் எழுதி, முத்திரை குத்தி, பதவிக்குரிய மிடுக்கோடு வாசல்வரை சறுக்கிப்போய் எடைக்கற்களைப் பொறுக்கினார்.

அதன்பேரில் கிடைத்த உரிமத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஓர் ஆணியில் தொங்கவிட்டாள். சாய்ந்த அறையில் அது மட்டும் நேராகத் தொங்கியது. ஒரு காலை மடக்கிக்கொண்டு நின்ற வாடிக்கையாளர்கள், "படம் கோணலா இருக்கும்மா, சரி பண்ணு," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தரையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான்கைந்து நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு படத்தைச் சுவரின் சாய்வுக்கு ஏற்றபடி பிடித்து, இன்னோர் ஆணி அடித்தாள். அதற்குப் பிறகு எல்லாம் சரியாக இருப்பதாகவே எல்லோரும் சொன்னார்கள்.