முழங்கால் தண்ணீர்

என் கணவர் சிவபாதம், வீடு வாங்குகிறவர்களுக்காக வீடுகளைப் பரிசோதித்துக் கொடுப்பவர். ஸ்காபரோவில் பாதித் தமிழர்கள் அவர் வந்து பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார்கள். ஏணி வைத்து ஏறிப் பார்க்காமல் ஒரு வீட்டுக்குக் கூரை இருக்கிறது என்றுகூட எழுதமாட்டார். அப்படிப்பட்ட மனுசனிடம்தான், காட்ட முடியாத ஒரு மீனைப் பற்றி இரண்டு கோடையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மீன் இருந்தது ஸ்ரௌவ்வில் என்ற பக்கத்து ஊரில், மகள் அட்சயா வாங்கிய புது வீட்டுக்குப் பின்னால். ஒரு காலத்தில் மாடுகள் தண்ணீர் குடிப்பதற்கு வெட்டிய பண்ணைக் குளம் அது. சுற்றிவர வீடுகள் வந்துவிட்டன, குளம் மட்டும் மிச்சம். ஓங்கி எறிந்தால் தூண்டில் மறுகரையில் போய் விழும். ஆழமும் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேதான். இதற்குள் என்ன பெரிய மீன் என்று பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் விழுந்து கிடந்த ஒரு மரத்தடியில், பாசிக்குள், என் முழங்கையையும் தாண்டிய நீளத்தில் பாஸ் என்கிற நன்னீர் மீன் ஒன்று இருந்தது. போட்டிக்கு ஆளில்லாமல் தவளையும் மீன்குஞ்சுமாய்த் தின்று கொழுத்த மீன். இரண்டு தரம் கண்டேன். ஒரு தரம் நூலை அறுத்துக்கொண்டு போனது.

வீட்டில் சொன்னேன். சம்பந்தி தங்கத்துரை குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்த நேரம் பார்த்து இவர் என்னைக் காட்டி, "புனிதத்தின்ர மீன் கிழமைக்குக் கிழமை வளருது. தைப்பொங்கலுக்குச் சுறாவாயிடும்" என்றார். மேசையே சிரித்தது. அட்சயாவும் சிரித்தாள். எனக்கு முகம் எரிந்தது. நான் சொன்ன ஒன்றை இந்த மனுசன் சொன்ன உடனே நம்பிய நாள் இருக்கிறதா என்று பாத்திரம் கழுவும்போது யோசித்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

பிறகு குளத்துக்கு முன்னால் அறிவிப்புப் பலகை போட்டார்கள். வரும் திங்கட்கிழமை மீன்களை அள்ளி வேறிடம் கொண்டுபோய் விட்டுவிட்டுக் குளத்தை மூடப் போகிறார்களாம். சனிக்கிழமை அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு போனேன். தின்பதற்கு இல்லை. புரட்டாதிச் சனி, அவர் விரதம். ஒரு தரம் தூக்கிக் காட்டிவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடுவேன். அவர் தன் கண்ணால் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

ஆழமில்லாத தண்ணீரில் பெரிய மீனைப் பிடிப்பதைவிட, அதற்குத் தெரியாமல் கரைக்குப் போவதுதான் கஷ்டம். காலை ஊன்றி வைத்தால் அதிர்வு தெரியும். நிழல் விழுந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். நான் நன்றாகத் தள்ளியே முழங்காலில் இருந்துவிட்டேன். இவர் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு கொடிக்கம்பம் மாதிரி நின்றார்.

"இருங்கோ."

"புல்லு ஈரமாக் கிடக்கு."

"இருங்கோ எண்டுறன்!"

இருந்தார். தூண்டிலில் மாட்டிய ரப்பர் தவளையை மரத்துக்கு அப்பால் எறிந்து, பாசிக்கு மேலால் மெல்ல இழுத்தேன். நிறுத்தினேன். இழுத்தேன். ஒன்றுமில்லை. மறுபடியும் எறிந்தேன். வெயில் எங்கள் முதுகுப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. எங்கள் நிழல் இரண்டும் புல்லின் மேல் நீண்டு நீண்டு தண்ணீரை நோக்கிப் போயின. அவை கரையைத் தொட்டால் என் மீன் கதை எப்போதைக்கும் கதைதான். இவரோ கைபேசியில் யாருடைய கூரையையோ பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தவளைக்குப் பின்னால் பாசி மெல்லப் புடைத்தது.

புடைப்பு தவளையைத் தொடர்ந்து வந்தது. நான் நிறுத்தினேன், அதுவும் நின்றது. ஒரு துளி அசைத்தேன். தண்ணீர் வெடித்தது. தவளையைக் காணவில்லை. உடனே இழு என்று கை துடிக்கும். இழுத்தால் அதன் வாயிலிருந்து நாமே பிடுங்கி எடுத்துவிடுவோம். நூல் தானாக நகரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நகர்ந்தது. ஓங்கி இழுத்தேன். தூண்டில் தடி வளைந்து கைப்பிடி வயிற்றில் குத்தியது.

"கண்டனீங்களோ?"

அவர் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். "என்ன, வாத்தோ?"

மீன் ஒரே ஓட்டமாக மரத்தடிப் பாசிக்குள் புகுந்து நின்றுவிட்டது. நூல் விறைத்துக்கொண்டு நின்றது. பெரிய மீன் அப்படித்தான் செய்யும். நூலைத் தளரவிடாமல் பொறுத்திருந்தால் அலுத்துப்போய் அதுவாகவே வெளியே வரும். தளர்ந்தால் வாயில் குத்திய கொளுக்கியை உதறிவிட்டுப் போய்விடும்.

"உது கட்டையில கொளுவிட்டுது" என்று எழும்பினார்.

"மீன்."

"மீனெண்டா அசையுமெல்லோ. விடும், நான் போய்க் கழட்டித் தாறன்." சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார்.

"உங்களுக்கென்ன விசரோ? இறங்காதேங்கோ!" மீன் கலைந்துவிடும் என்ற பயத்தில்தான் கத்தினேன். குளத்தடியில் கிடந்த சேற்றைப் பற்றி எனக்கும் தெரியாது.

"முழங்கால் தண்ணிதானே. அராலிக் களப்பில உப்பிடித் தண்ணிக்குள்ள அரை மைல் நடந்த ஆள் நான்."

அவர் பிறந்த ஊரான அராலியில் களப்பின் அடி இறுகிய மணல். அங்கே பிறந்தவர்களுக்கு முழங்கால் தண்ணீர் என்றால் அதற்குக் கீழே தரை இருக்கும். இங்கே கீழே கிடந்தது எத்தனையோ வருடத்துச் சாணமும் மக்கிய இலையும். சில அடி போனார். பிறகு ஒரே இறக்கமாக இடுப்புவரை போனார்.

முதலில் சிரித்தார். ஒரு காலை இழுத்தார், மற்றக் கால் இன்னும் இறங்கியது. என் பக்கம் திரும்ப முயன்றார். பாதி திரும்பினார், தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது.

"புனிதம். அடி இல்லை."

அந்தக் குரலை நான் அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

"அசையாதேங்கோ! அப்பிடியே நில்லுங்கோ!"

அவருடைய கைபேசி சேட்டுப் பைக்குள் தண்ணீரில். என்னுடையது மணியடித்து மீனைக் கலைக்கும் என்று வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். அட்சயா கடைக்குப் போயிருந்தாள். கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஆளில்லை. வேலியோரம் வீடு கட்டுகிறவர்கள் போட்டுவிட்டுப் போன நீளப் பலகைகள் கிடந்தன. தூக்குவதற்கு இரண்டு கையும் வேண்டும்.

அந்த நேரம் பார்த்து நூலுக்கு உயிர் வந்தது. மீன் பாசியை விட்டு வெளியே வந்து, அவருடைய முதுகுக்குப் பின்னால் ஒருதரம் புரண்டது. பச்சை முதுகு, வெள்ளை வயிறு. நான் சொன்ன நீளம். சொன்னதைவிடக் கூட. கைவிடாமல் சுற்றினால் கரைக்கு வந்துவிடும்.

அவரைப் பார்த்தேன். தடியைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன்.

தடியை எறிந்துவிட்டு ஓடினேன்.

பலகையை எப்படித் தூக்கினேன் என்று தெரியாது. இழுத்து வந்து தண்ணீருக்கு மேலால் தள்ளினேன். தண்ணீர் அவர் தோளைத் தொட்டிருந்தது. "நெஞ்சைப் பலகையில வையுங்கோ! காலை இழுக்காதேங்கோ, படுங்கோ!" அவர் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்தார். நான் கரையில் குந்தியிருந்து பலகையின் நுனியை இழுத்தேன். சேறு விடவில்லை. அழுதுகொண்டு, அவரையும் அராலியையும் திட்டிக்கொண்டு இழுத்தேன். ஒரு பெரிய சத்தத்தோடு சேறு விட்டது. அவரைச் சேட்டுக் கழுத்தில் பிடித்துப் புல்லுக்கு ஏற்றினேன். இரண்டு காலுறையையும் குளம் வைத்துக்கொண்டது.

பிறகு நான் புல்லில் கிடந்த தடியை எடுத்து நூலைச் சுற்றினேன். கொளுக்கியில் பாசி மட்டும் வந்தது.

"கண்டனீங்களோ?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இல்லை."

"அப்ப இப்பவும் கட்டைதான், என்ன?"

"இல்லை." முகத்துச் சேற்றைத் துடைத்தார். "மீன்தான். நல்ல பெரிசு."

"காணாமல் எப்பிடித் தெரியும்?"

"நான் உம்மைத்தானே பாத்துக்கொண்டு நிண்டனான். என்னைப் பாத்தீர். தடியைப் பாத்தீர். திருப்பி என்னைப் பாத்தீர்." குரலில் கோபம் இல்லை. ஒரு வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொல்வது போலச் சொன்னார். "கட்டையெண்டாலோ சின்ன மீனெண்டாலோ நீர் யோசிச்சிருக்க மாட்டீர், புனிதம்."

யோசித்தது ஒரு கணம்தான் என்று சொல்லியிருக்கலாம். ஒரு கணம் யோசித்தாலும் யோசித்ததுதானே.

மறுநாள் அட்சயா வீட்டில் சாப்பாடு. தங்கத்துரை சோற்றில் பருப்பை விட்டுக்கொண்டு, "என்னண்ணை, அக்காவின்ர சுறா என்ன மாதிரி?" என்று தொடங்கினார். சிரிக்க எல்லாரும் ஆயத்தமாக இருந்தார்கள்.

"சிரிக்காதேங்கோ. நான் கண்டனான்" என்றார் இவர்.

"உண்மையாவோ? எவ்வளவு பெரிசு?"

இவர் இடது கையை நீட்டி, வலது கையை முழங்கைக்கும் மேலே கொண்டுபோய் வைத்துக் காட்டினார். அளவு சரி. மேசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஏறிப் பார்க்காமல் கூரை என்று எழுதாத மனுசன் என் பக்கம் பார்க்காமல் அப்பளத்தை எடுத்து உடைத்தார்.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். நம்பமாட்டாரா என்று இரண்டு கோடை கிடந்து வெந்தவள், அவர் நம்பாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.