உழுது மூடிய சேதம்

வெள்ள நிவாரணம் பெறுவோரின் பட்டியலை அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். குத்தகை விவசாயி துடைப்பம் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். வயலில் ஒரு களையைக்கூட நிற்க விடமாட்டார் என்பதால் ஊர் வைத்த பெயர் அது. பட்டியலில் அவர் இல்லை. பக்கத்து வயல்காரன் தூங்குமூஞ்சி, தொகையோடு பளிச்சென்று இருந்தான்.

"என்னண்ணே, சுவத்தையே தேச்சுடுவீங்க போல," என்று பின்னால் வந்து நின்றான் அவன்.

"ரெண்டு வயல்லயும் ஒரே தண்ணிதானேடா நின்னுச்சு?"

"ஆமாண்ணே. நான் அழுகின கோஸை அப்படியே போட்டுட்டுப் படுத்துட்டேன். அதைப் போட்டோ எடுத்தாங்க. நீங்கதான் தண்ணி வடிஞ்சதும் உழுது மூடி பீன்ஸ் போட்டுட்டீங்களே."

அவன் கேலியாகச் சொல்லவில்லை. துடைப்பம் அலுவலகத்துக்குள் நடந்தார்.

உள்ளே எழுத்தர் கணினியைத் திருப்பிக் காட்டினார். கோடு போட்டதுபோல் பீன்ஸ் வரிசைகள். "சேதம் இல்லைன்னு பதிவாகியிருக்கு. பார்க்க அழகா இருக்குய்யா உங்க வயல்."

"நாத்தம் தாங்கலைங்க. பருவமும் போயிடும்னுதான்..."

"நாளைக்கு மேடம் மறுபடி பார்க்க வராங்க. அழுகின பயிரைக் காட்டுங்க, சேர்த்துடுவாங்க."

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "அது மண்ணுக்குள்ள இருக்கு. மேல நிக்கிறதை என்ன பண்றது?" என்றாள்.

"குத்தகை கட்டலைன்னா நிலத்தை வேற ஆளுக்கு விட்டுடுவேன்னு நிலத்துக்காரரு சொல்லிட்டாரு. அப்புறம் மேல நிக்கிறதும் நமக்கில்லை."

மறுநாள் பெண் அதிகாரி வரப்பில் செருப்பு வழுக்க வழுக்க வந்து நின்றார். துடைப்பம் மண்வெட்டியை ஓங்கி முதல் வரிசையில் போட்டார். பூவிடும் நிலையில் இருந்த பீன்ஸ் வேரோடு சாய்ந்தது. மனைவி ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஈரச் சாக்கில் வைத்தாள். பிடுங்கிய பீன்ஸ் திரும்பப் பிடிக்காது என்று அவளுக்கும் தெரியும்.

ஒரு வரிசை போனது. இன்னொன்றும் போனது. கறுத்த, பொலபொலவென்ற மண்தான் வந்தது. அதில் மண்புழுக்கள் நெளிந்தன. உழுமுன் கோஸைத் துண்டு துண்டாகக் கொத்திப் பரப்பியவர் அவரேதான். ஒரு தண்டு மிச்சமில்லை.

"நல்ல மண்ணு," என்றார் அதிகாரி, மனதாரத்தான். "சேதம்னு எதை எழுதறது?"

"நான் பார்த்தேன் மேடம்," என்று அடுத்த வரப்பிலிருந்து தூங்குமூஞ்சி கத்தினான். "கூழா கிடந்துச்சு! மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் நடந்தோம்."

"பட்டியலைச் சுவத்துல ஒட்டறோம்ப்பா. நாளைக்கு எவனாவது வந்து கேட்டா நான் எதைக் காட்டுவேன்?"

துடைப்பம் சாக்கைச் சுட்டினார். "இதை எழுதுங்கம்மா. இது போச்சுல்ல?"

"இது வெள்ளத்துல போகலையே."

அதிகாரி தலையைக் குனிந்துகொண்டே வண்டிக்கு நடந்தார். துடைப்பம் அடுத்த வரிசைக்கு நகர்ந்தார். மனைவி மண்வெட்டிப் பிடியை இறுகப் பற்றினாள்.

"போதும், விடுங்க. அவங்க போயாச்சு."

"கூப்பிடு அவங்களை. பள்ளத்துப் பக்கம் ஆழமா மூடினேன். ஒரு தண்டாவது கிடைக்கும்."

பிடியை இருவரும் விடவில்லை. சாக்கிலிருந்த செடிகள் வெயிலில் தலை தொங்கத் தொடங்கின.