பதினேழாம் பக்கத்து மயில்

நஜ்மாவுக்குப் பாலக்கோட்டில் ஆரி ஒர்க் கடை. ஜாக்கெட் முதுகில் போடும் டிசைன்களை அவளே வரைவாள். ஒன்று வெளியே போனால் அடுத்த வாரம் நாலு கடையில் தொங்கும். அதனால் தம்பி ஜாவீத் ஒரு வெப்சைட் செய்து கொடுத்தான். நாற்பது பக்கம். டவுன்லோட் பட்டன் கிடையாது. பிரிண்ட் கொடுத்தால் வெள்ளைத்தாள் வரும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் குறுக்கே நஜ்மாவின் பெயர் இருக்கும். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தான்: பார்க்கலாம், எடுக்க முடியாது.

கல்யாணப் பெண் யுவராணி பதினேழாம் பக்கத்து மயிலைத் தேர்ந்தெடுத்தாள்.

"அக்கா, மண்டபத்துல இந்த மயிலு என் முதுகுல மட்டுந்தான் இருக்கணும்."

"வேற எவ முதுகுலயும் ஏறாது. போதுமா?"

"சத்தியமா?"

"சத்தியமா."

மாப்பிள்ளை வீட்டாரும் பார்க்கட்டும் என்று பென்னாகரத்துக்கு லிங்க் போனது. நாத்தனார் சசிகலா கைகூப்பும் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினாள்.

மறுநாள் ஜாவீத் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான்.

"பென்னாகரத்துக்கு அனுப்பின லிங்க்ல, ரெண்டு மணி நேரமா பதினேழாம் பக்கமே தொறந்திருக்குது."

"புடிச்சிருக்கும்."

"தாஜ்மகாலையே யாரும் ரெண்டு மணி நேரம் பாக்கறதில்லக்கா."

நஜ்மா யுவராணியிடம் சொல்லவில்லை.

வரவேற்பன்று மண்டபத்தில் அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. முதுகுகளைப் பார்த்தாள். சசிகலாவின் முதுகைப் பின்னலும் மல்லிகைப்பூவும் மறைத்திருந்தன. பரிசுப்பெட்டி ஒன்றை எடுக்க அவள் குனிந்தாள். பின்னல் விலகியது.

அதே மயில்கொண்டை. அதே வளைந்த கழுத்து. நஜ்மா இன்னும் கிட்டே போனாள்.

கழுத்துக்குக் கீழே பார்த்தாள். நாலு கால்கள். தூண் மாதிரி. காலுக்கொரு சலங்கை.

பதினெட்டாம் பக்கம் யானை.

சாப்பாட்டுக்கூடத்தில் கை கழுவும் இடத்தில் சசிகலாவைப் பிடித்தாள்.

"ஏங்க, இந்த டிசைன் எப்படி எடுத்தீங்க?"

சசிகலா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தப்பா நெனைக்காதீங்க. டவுன்லோட் ஆகலைங்க. போன் மேல ட்ரேசிங் பேப்பரை வெச்சு, பெருசாக்கிப் பெருசாக்கி துண்டுதுண்டா வரைஞ்சேன். நடுவுல கை பட்டு அடுத்த பக்கத்துக்கு நகந்துடுச்சு போல."

"மயிலுக்கு நாலு காலு இருக்குதே, பாக்கலீங்களா?"

"பாத்தேன். வெல ஜாஸ்தி டிசைன்ல அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

நஜ்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சத்தியம் பிழைத்துக்கொண்டது. அதைச் சொல்ல மேடை ஏறினாள்.

யுவராணியின் முகம் சுருங்கியிருந்தது.

"யாரும் என் மயிலப் போடலக்கா. சரிதான். ஆனா எல்லாரும் நாத்தனார் முதுகத்தான் போட்டோ எடுக்கறாங்க."

"உன்னுது எவ்வளவு லட்சணமா இருக்குது!"

"மறுவூட்டுக்கு எனக்கு அது வேணும். காலு நாலும் வேணும்."

"சலங்கையுமா?"

"சலங்கையுந்தான்."

நாற்பது பக்கத்திலும் அப்படி ஒரு மிருகம் இல்லை. நஜ்மா பையிலிருந்து ட்ரேசிங் பேப்பரை எடுத்துக்கொண்டு மறுபடி கீழே இறங்கினாள்.

"சசிகலாம்மா, அஞ்சு நிமிசம் திரும்பி நில்லுங்க."

சசிகலா பேப்பரைப் பார்த்தாள். முந்தானையை இழுத்து முதுகை மூடிக்கொண்டாள்.

"பாக்கலாம், எடுக்க முடியாதுங்க."